ஆறு மணி விசில்

எங்கள் பார்க்கில் ஒருவன் புதருக்குள் ஒளிந்துகொண்டு பெண்களைப் பார்த்து விசிலடிக்கிறான் என்ற பேச்சு ஓர் ஐப்பசி மாதத்தில் கிளம்பியது. காலையில் ஆறு மணிவாக்கில், அப்புறம் சாயங்காலம் அதே ஆறு மணிவாக்கில். இரண்டு சத்தம். முதலாவது மேலே ஏறும், இரண்டாவது இறங்கும். பெண்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தெருமுனையில் நிற்கிற பயல்கள் அடிப்பார்களே, அச்சு அசல் அதேதான். நடக்க வருகிற பெண்கள் அந்த மூலை வந்ததும் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு வேகம் பிடித்தார்கள். சர்க்கரை இறங்க வேண்டுமானால் வேகமாக நடங்கள் என்று டாக்டர்கள் கெஞ்சியும் வராத வேகம் அது.

நானும் முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் கடந்தேன். அப்புறம் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை என்னுடையது. ஓவர்டைம் விட்டுப்போச்சு, பிடித்தம் தப்பு என்று மேஜைக்கு எதிரில் வந்து குரலை உயர்த்துகிறவர்களைப் பல வருஷமாகச் சமாளித்துக்கொண்டிருப்பவள், ஒரு விசிலுக்குப் பயந்து ஓடுவதா? ஒரு நாள் காலை சத்தம் கேட்டதும் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தேன்.

பார்க் ஒன்றும் பெரிதில்லை. கள்ளிக்குப்பத்தை ஒட்டி, புது ஃப்ளாட்டுகளுக்கும் பழைய தெருக்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு துண்டு நிலம். சுற்றிவர நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், யோகா செய்ய ஒரு தகரக் கொட்டகை. மேற்கு மூலையை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. அங்கே ஒரு கொடுக்காப்புளி மரம், அதன் அடியில் ஆள் உயரத்துக்கு நொச்சிப் புதர், அதற்குப் பின்னால் மதில் சுவரில் துருப்பிடித்துச் சங்கிலி போட்டுக் கிடக்கும் பின் கேட். தரை தெரியாமல் பல வருஷத்துச் சருகு. முதல் மழையில் ஊறிப்போய், காலை வைத்தால் மெத்தை போல அமுங்கியது.

செருப்பை ஓங்கிக்கொண்டு நின்ற எனக்கு முன்னால், சருகைப் புரட்டிப் போட்டுப் புழு தேடிக்கொண்டிருந்தது ஒரு குருவி. மைனா அளவு இருக்கும். வால் மட்டும் யாரோ வெட்டியது போலக் குட்டை. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே மையால் இழுத்த ஒரு பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு குப்பையில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றியது. அது என்னைப் பார்த்தது, இரண்டு தத்துத் தத்தியது, கழுத்தைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தது. விசில். நான் செருப்பைக் கீழே போட்டேன்.

அந்தச் சமயத்தில் பின்னால் புதர் சரசரவென்று விலகியது. "யக்கா, எங்க கீற? மாட்னானா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். கையில் ஜூஸ் மொண்டு ஊற்றுகிற நீளக் கரண்டி.

பார்க்கின் முன் கேட்டில் அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய் ஜூஸ் விற்கிறவள் அவள். தினமும் வாங்கிக் குடிப்பேன், சில்லறைக்கு மேல் பேச்சு இருந்ததில்லை. நான் செருப்போடு புதருக்குள் போவதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கரண்டியோடு ஓடி வந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் அப்படி ஓடி வந்தது நிஜம். அதில் ஒரு கலப்படமும் கிடையாது. இத்தனைக்கும் பிறகும் அதை மட்டும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவளும் பார்த்தாள். குருவி இன்னொரு தடவை கூவியது.

"இதாக்கா? இத்துனூண்டு கீது, இதுவா எல்லாப் பொம்பளையும் ஓட உட்டுச்சு?"

இரண்டு பேரும் அந்தச் சருகிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

வீட்டுக்குப் போய்ப் போனில் தேடிப் பார்த்தேன். ஆறுமணிக் குருவி என்று பெயர். வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் உள்ள காடுகளிலிருந்து, அங்கே குளிர் தொடங்குகிற சமயத்தில் தெற்கே வருமாம். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான் கூவுமாம். இன்னொரு பெயரும் இருந்தது: தோட்டக்கள்ளன். மறுநாள் அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப அவங்க சொல்றது கரீட்டுதான்க்கா. உள்ள கள்ளன்தான் ஒளிஞ்சிகினு கீறான்."

பெண்களிடம் சொல்லாமல் இல்லை. அது பறவை, பயப்படாதீர்கள் என்று நடக்கும்போது நாலைந்து பேரிடம் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "பறவை எதுக்குங்க பொம்பளைங்களப் பார்த்து விசிலடிக்குது?" என்று திருப்பிக் கேட்டாள். என் முதுகுக்குப் பின்னால் எனக்குக் குருவியக்கா என்று பெயர் வந்ததுதான் மிச்சம். சரி, ஓடட்டும், சர்க்கரையாவது குறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

வற்புறுத்தாததற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆவடிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இந்தக் குருவி வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமை பெரிய பெரிய கேமராவோடு ஒரு கூட்டம் போய்ச் சூழ்ந்துகொண்டதாம். குருவி வெளியே வரவில்லை என்று அதன் குரலையே போனில் சத்தமாக வைத்துக் காட்டினார்களாம். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று அது பதறிப்போய் வெளியே ஓடி வருமாம். இப்படி ஓர் ஏமாற்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேள்விப்பட்ட அன்றே அவளிடம் சொன்னேன். எந்தப் புதர் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றேன். அவள் அருகம்புல் சாறு சொட்டுகிற கையால் என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள்.

"சத்தியம்க்கா. என் வாய்ல இருந்து வராது."

அன்று ஆபீஸில் கையெழுத்துப் போடும்போதும் விரலிடுக்கில் பச்சை இருந்தது.

இந்த ஊருக்கு நான் சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை, பார்ப்பதே அபூர்வம். மகன் வெளியூர் ஹாஸ்டலில். ஃப்ளாட்டில் எதிர் வீட்டுக்காரர்களை லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், லிஃப்ட் கதவு திறந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொள்வோம். இத்தனை வருஷத்தில் "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்று உரிமையோடு கேட்ட முதல் ஆள் அந்த ஜூஸ்காரிதான். என்னைவிட வயதில் சின்னவள், என்னைவிட வாய் பெரியது. காலையில் ஒரு தம்ளரைக் கையில் கொடுத்து, வியாபாரத்தை வீட்டுக்காரனிடம் விட்டுவிட்டு, என்னோடு மூலைக்கு வந்துவிடுவாள். சத்தம் காட்டாமல் நிற்போம். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

குருவியால் கண் திறந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் பார்க்கில் எனக்குத் தெரிந்தது என் எடையும் அடுத்தவர்கள் எடையும்தான். ஐப்பசி மழைக்கு நடைபாதையில் மரவட்டைகள் ஊர்வலம் போவதையும், அடைமழைக்கு முன்பு தட்டான்கள் தலைக்கு மேல் தாழப் பறப்பதையும், தை மாதம் அரச மரத்தில் சூறைக்குருவிக் கூட்டம் சாயங்காலச் சந்தை போல இரைச்சல் போடுவதையும் அந்த வருஷம்தான் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் முதலில் அவளுக்குத்தான் காட்டினேன். "சோக்கா கீதுக்கா" என்பாள். எல்லாவற்றுக்கும் அதே சோக்கா கீது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் குருவி எங்களுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது. போனை எடுத்து ஒலியைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். இரண்டு தடவை கூவிவிட்டது. மூன்றாவதற்குக் கழுத்தைச் சாய்க்கும்போது பின்னால் அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் திரும்பாமலே, மூச்சுக் குரலில், "ஷ்... பேசாத" என்றேன். குருவி புதருக்குள் மறைந்துவிட்டது. பதிவில் இரண்டு விசிலும் என் பேசாதவும் மட்டும் இருந்தன. அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"எனுக்கும் அனுப்புக்கா. ரிங்டோனா வெச்சிக்கிறேன்."

"ரிங்டோனா வைக்காத. ஊருக்கே தெரிஞ்சிடும். சும்மா கேட்டுக்கோ."

"சரிக்கா. வோணும்ன்றப்ப மட்டும் கேட்டுக்கிறேன்."

அவளுடைய வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பின் கேட்டுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் அவள் வீட்டு வாசல். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்தபோது அவளுடைய அப்பா அதில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது அவள் ஜூஸ் டிரம்களை வண்டியில் ஏற்றி மதிலைச் சுற்றிக்கொண்டு முன் கேட்டுக்குத் தள்ளிப் போக வேண்டும். அங்கேயும் சூப் கடை, சுண்டல் கடை, முளைப்பயறு கடை என்று இடத்துக்குத் தினமும் சண்டை. குருவிக்காகக் காத்திருக்கும்போதுகூடச் சங்கிலியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

"இந்தக் கேட்ட மட்டும் தொறந்து உட்டா, என் ஊட்டு வாசலேதான்க்கா கடை. நாற்காலி போட்டு ஒக்காந்துகினே பொழைப்பேன்."

நான் தலையாட்டுவேன். என் கண் சருகில் இருக்கும். அவள் கண் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

பங்குனி பிறந்ததும் ஒரு நாள் காலை விசில் இல்லை. மறுநாளும் இல்லை. வடக்கே கிளம்பிவிட்டது. போய்விடும் என்று படித்திருந்தேன், இருந்தாலும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பழகிய இடத்துக்கே அடுத்த வருஷமும் வரக்கூடும் என்றும் படித்திருந்தேன். ஐப்பசிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டேன். பெண்களும் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள். அந்த மூலையில் ஓணான்கள் கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு தண்டால் எடுத்தன, குயில் காட்டுக் கத்தல் கத்தியது.

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு, ஒரு நாள் சாயங்காலம், விளக்கெல்லாம் போட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. புழுக்கம் தாங்காமல் பார்க்கில் வந்து உட்கார்ந்திருந்தேன். மேற்கு மூலையிலிருந்து விசில் வந்தது. ஏறி, இறங்கி. மறுபடியும் ஏறி, இறங்கி.

எனக்கு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வேன். பஸ் ஏற்றி அனுப்பிய பிள்ளை அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டு வாசலில் நின்றால் எப்படி இருக்கும்? ஓடினேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கூவவும் இல்லை. மறுநாள் காலை ஜூஸ் வண்டிக்கு முன்னால் போய் நின்று மூச்சு விடாமல் சொன்னேன். போகலை, நம்ம குருவி போகலை, இங்கேயே தங்கிடுச்சு. விளக்கு வெளிச்சத்தில் பொழுது குழம்பிப் போய் நேரம் தப்பிக் கூவுகிறது போல, அடிபட்டிருக்குமோ என்னமோ, பறக்க முடியாமல் நின்றுவிட்டதோ என்று நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் சொன்னேன்.

அவள் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா. நானும் கேட்டேன்" என்றாள்.

அந்த மூன்று வார்த்தையை நம்பி, நான் அந்த வெயிலில் தினமும் ஒரு மண் சட்டியில் தண்ணீர் கொண்டுபோய்ப் புதருக்குள் வைத்தேன். அடிபட்ட குருவிக்குத் தாகம் எடுக்குமே என்று. நான் தண்ணீர்ச் சட்டியோடு போவதை அவள் தினமும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாத்துப் போக்கா, பாம்பு கீம்பு இருக்கப் போவுது" என்று அக்கறையாகச் சொல்லவும் செய்தாள்.

பயமும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை மோசமாக. காலையில் கேட்டபோது எரிச்சலாக இருந்தது, இருட்டில் கேட்டதும் கிலியாகிவிட்டது. பெண்கள் சாயங்காலம் வருவதை நிறுத்தினார்கள். புதரை வெட்டிவிடலாமா என்று பேச, குடியிருப்போர் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் யோகா கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். வார்டு ஆபீஸிலிருந்தும் ஓர் ஆள் வந்திருந்தார். நான் குருவிக்காகப் பேசுவதென்று தயாராகப் போயிருந்தேன். போனில் குருவியின் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். ஜூஸ்காரி எல்லோருக்கும் நெல்லிக்காய் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெண் எழுந்தாள். ஃப்ளாட்டில் புதிதாகக் குடிவந்தவள், கையில் மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இல்ல, முந்தாநாள் சார். இவளக் கூட்டிட்டு அந்தப் பக்கமா வந்தேன். ரெண்டு வாட்டி விசிலடிச்சான். சரி, போய்டலாம்னு திரும்பறேன், காது கிட்ட சொல்ற மாதிரி, 'ஷ்... பேசாத'ன்றான் சார். அன்னைலேர்ந்து புள்ளைக்கு ஜுரம்."

கொட்டகை முழுக்க உச்சுக் கொட்டியது. மூச்சுக் குரலுக்கு ஆண் ஏது, பெண் ஏது. அந்தப் பொறுக்கியின் குரல் என்னுடையது.

பங்குனியில் குருவி போய்விட்டது. அது என் முட்டாள் மனசைத் தவிர உலகத்தில் எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்கிறது. இருட்டில் கூவியது ஜூஸ்காரியின் போன். கேட் கம்பிக்கு வெளியே நின்று கையை உள்ளே விட்டால் நொச்சிப் புதர். ஆவடிக் கூட்டம் குருவியை ஏமாற்றிய வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவள் அதை ஒரு படி மேலே கொண்டு போய்விட்டாள்.

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சங்கத் தலைவரிடம் சொன்னாள்.

"அந்த அக்காவயே கேளுங்க சார். போன மழையில செருப்பக் கழட்டிக் கையில எடுத்துகினு பொதருக்குள்ள பூந்தாங்க. நான் கரண்டியத் தூக்கினு பின்னாலயே ஓடனேன். எங்கள பாத்துட்டு செவுரு ஏறிக் குதிச்சி ஓடிட்டான். அப்பவே அந்தக் கேட்டத் தொறந்து, வெளிச்சமா ஆள் நடமாட்டம் வெச்சிருந்தா அவன் இன்னிக்கு வருவானா?"

செருப்பு நிஜம். கரண்டி நிஜம். ஓடி வந்தது நிஜம். நடுவில் ஒரே ஓர் ஆளை மட்டும் சுவரேற விட்டிருந்தாள். நாங்கள் சருகில் உட்கார்ந்து சிரித்த அந்தக் காலையை எடுத்து, அதிலிருந்து எங்கள் சிரிப்பைக் கழித்துவிட்டு, கூட்டத்தில் வைத்துவிட்டாள். பொய்யாகவே ஒரு கதை கட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

எழுந்தேன். அங்கே யாரும் இல்லை, அது ஒரு குருவி, ஐப்பசியில் வந்து பங்குனியில் போய்விடும், இப்போது கேட்பது நான் பதிவு செய்த சத்தம், பேசாத என்று சொன்னது என் குரல் என்றேன். கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கேட்டவர்களுக்குக் குழம்பிப் போய்விட்டது.

"நீங்களா மேடம் விசிலடிச்சீங்க?" என்றார் வார்டு ஆபீஸ்காரர். யாரோ சிரித்தார்கள்.

"நான் இல்லை. இவ போன்ல இருக்கு. வாங்கிப் பாருங்க."

அவள் கொஞ்சமும் அசரவில்லை. ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்துத் தலைவருக்கு முன்னால் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பாத்துக்கோங்க சார். குருவின்னா அக்காக்கு உசுரு. பொதர வெட்டப் போறாங்களேன்னு பேஜாராகி, என்னயே மாட்டி உடுது. பரவால்ல. எங்க அக்காதான சொல்லுது."

நான் கையை நீட்டினேன். தலைவர் நடுவில் புகுந்து, "விடுங்க மேடம், ஏழைப்பட்ட பொண்ணு" என்று போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அதோடு கூட்டம் முடிந்தது. போகும்போது பெண்கள் என்னிடம் வந்தார்கள். செருப்பை எடுத்துக்கொண்டு போக உங்களைத் தவிர யாருக்குத் தைரியம் வரும் என்றார்கள். ஜுரமடித்த குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சால்வை போடாததுதான் குறை. அவள் குழந்தையைப் பயமுறுத்தியது என் குரல் என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை.

ஆடிக்கு முன்னால் நொச்சிப் புதரை வேரோடு எடுத்தார்கள். கொடுக்காப்புளியின் கீழ்க் கிளைகளைக் கழித்தார்கள். சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். பல வருஷம் மட்கிய சருகு லேசில் எரியாது. ஒரு நாள் முழுக்கப் புகைந்தது. என் தண்ணீர்ச் சட்டியை யாரோ மதில் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அப்புறம் சிவப்பும் மஞ்சளுமாகத் தரைக்கல் பதித்து, ஒரு கம்பத்தில் பெரிய விளக்கு போட்டார்கள். பின் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துத் திறந்தும் விட்டார்கள்.

முன் கேட்டில் ஜூஸ் வண்டி இல்லை என்று பார்த்த அன்று, அவளே நடைபாதையில் என்னை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் தம்ளர்.

"கோவமாக்கா?"

நான் ஒதுங்கி நடக்கப் பார்த்தேன்.

"நீயே சொல்லு. குருவிக்கு ரெக்க கீது. இந்த எடம் இல்லன்னா இன்னோர் எடம் பாத்துக்கும். எனுக்கு கீதா? அந்தக் கேட்டுக்கு எத்தினி வாட்டி எத்தினி பேர் கால்ல உய்ந்திருப்பேன், ஒருத்தனாவது காதுல வாங்கினானா? பயந்தாத்தான்க்கா தொறக்கறாங்க."

அதில் தப்பு சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கேட்டைத் திறக்க ஆள் நுழைகிற அளவுக்குப் பாதை போட்டால் போதும், புதர் மொத்தமும் போயிருக்க வேண்டியதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சங்கத்துக்கும் வார்டு ஆபீஸுக்கும் நடையாய் நடந்திருப்பேன். கேட்கவில்லை. கத்திரி வெயிலில் நான் தண்ணீர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டே, இல்லாத குருவியை இருக்கிறது என்றாள். குருவி போனதைக்கூட ஆற்றிக்கொள்வேன் போலிருக்கிறது. அந்த "நானும் கேட்டேன்" என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"கேட்டிருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?" என்றேன்.

"செஞ்சிருப்பக்கா," என்றாள் கொஞ்சம் யோசித்துவிட்டு. "ஆனா குருவி போவட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருந்திருப்ப. அது திரும்ப வந்தா, மறுபடி அடுத்த வருசம்னு சொல்லியிருப்ப."

தம்ளரை வாங்காமல் நடந்தேன். அவள் சொன்னது பொய் என்று வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. இல்லவே இல்லை. அதைக் காட்டுவதற்கு எனக்கு ஒரு சந்தர்ப்பமாவது கொடுத்திருக்கலாம்.

அதற்கப்புறம் நான் அந்த மூலைக்குப் போகவில்லை. நடைபாதையில் பாதிச் சுற்று போய்த் திரும்பிவிடுவேன். அந்தப் பக்கம் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று காதில் விழுந்தது. முகப்பேரிலிருந்துகூட வண்டியில் வந்து குடித்துவிட்டுப் போகிறார்களாம்.

போன ஐப்பசியில் முதல் மழை ராத்திரியே பெய்து விட்டிருந்தது. விடியற்காலை பார்க்கில் மண் வாசனை. நான் வேண்டுமென்றே எதையும் எதிர்பார்க்காமல்தான் நடந்துகொண்டிருந்தேன். மேற்கு மூலையிலிருந்து விசில் வந்தது. ஏறி, இறங்கி.

கால் தானாகப் போயிற்று. சரியான மாதம், சரியான நேரம், மழை வேறு பெய்திருக்கிறது. வந்துவிட்டது. சருகு இல்லாத இடத்தில் எங்கே நின்று தவிக்கிறதோ என்று ஈரமான தரைக்கல்லில் வழுக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது விசிலும் வந்தது. கொடுக்காப்புளி மரத்தடியில் ஒன்றும் இல்லை. கல்லின் மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், பலகை மேல், ஜூஸ் டிரம்களுக்கு நடுவில் அவள் போன் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு கையும் முழங்கை வரை அருகம்புல் பச்சை. என்னைப் பார்த்துவிட்டாள். போனை எடுக்கவில்லை. விசில் முடிந்ததும் அதற்குள்ளிருந்து நான் மூச்சுக் குரலில் சொன்னேன்.

"ஷ்... பேசாத."

தம்ளரோடு நின்றிருந்த ஒருவர் சிரித்தார். "இன்னாம்மா, ரிங்டோனே மெரட்டுது?"

அவள் சிரிக்கவில்லை. போன் மறுபடியும் முதலிலிருந்து கூவியது, மறுபடியும் நான் அதையே சொன்னேன். கேட்பதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது சொன்னபடியே நின்றேன்.